நீலத் தொட்டியில் மஞ்சள்

எனக்கு எழுத்து தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் மகள் எழுதுகிறாள். நான் பேசுகிறபடியே எழுதினால் படிக்கிறவர்களுக்குக் கஷ்டமாம், புத்தகத்தில் வருகிற தமிழில்தான் எழுதுவாளாம். எழுதிக்கொள்ளட்டும். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே போடு என்று சொல்லியிருக்கிறேன். என் சம்பந்தியின் பேச்சைப் புத்தகத் தமிழாக்கினால் அதில் பாதி உப்பு போய்விடும்.

என் பேத்திக்கு இப்போது ஏழாவது மாதம். அவள் தண்ணீரில் பிறந்தவள். இதைக் கேட்டவர்களுக்கும் சொல்வேன், கேட்காதவர்களுக்கும் சொல்வேன். போன வாரம் திண்டிவனத்தில் பஸ் ஏறினேன். பக்கத்து சீட்டில் ஒரு பூக்காரம்மா. அவள் கூடையை வைக்கக் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தேன், அந்தச் சாக்கிலேயே ஆரம்பித்துவிட்டேன்.

"தண்ணிலன்னா, ஏரிலயா?" என்றாள்.

"ஏரில இல்லம்மா, தொட்டில."

"மாட்டுக்குத் தண்ணி காட்டுற தொட்டியா?"

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. என் மகள் முதன்முதலில் சொன்னபோது நானும் எங்கள் மாட்டுத் தொட்டியைத்தான் நினைத்தேன். அது சிமெண்ட் தொட்டி, உள்ளே பாசி பிடித்திருக்கும், மூலையில் எப்போதும் ஒரு தவளை இருக்கும். இது அப்படி இல்லை. இது காற்றடித்து நிறுத்துகிற ரப்பர் தொட்டி. நல்ல நீல நிறம். என் இடுப்பு உயரம் இருக்கும். உள்ளே ஒவ்வொரு பிரசவத்துக்கும் புதிதாக ஒரு கண்ணாடித்தாள் மாதிரி பிளாஸ்டிக்கை விரிக்கிறார்கள். உடம்புச் சூட்டுக்குத் தண்ணீர் நிரப்பி, வலி நன்றாக ஏறிய பிறகு பிள்ளைத்தாய்ச்சியை அதில் உட்கார வைக்கிறார்கள். வெந்நீரில் வலி தெம்பு இழந்துவிடும். சிலர் வலி கொஞ்சம் தணிந்ததும் ஏறி வந்து கட்டிலில் பெற்றுக்கொள்கிறார்கள். சிலர் தண்ணீருக்குள்ளேயே.

பூக்காரம்மா இறங்குகிற இடம் வந்தும் இறங்க மனசில்லாமல் எழுந்தாள். அவளுக்குச் சொல்ல முடியாமல் போன மிச்சத்தைத்தான் இப்போது சொல்லப் போகிறேன்.

அந்த மிச்சம் ஒரு ஜாதக நோட்டிலிருந்து ஆரம்பிக்கிறது. என் மகள் பிறந்த பத்தாம் மாதம், திண்டிவனத்தில் ஒரு ஜோசியரிடம் ஜாதகம் எழுதக் கொடுத்தோம். நானும் என் வீட்டுக்காரரும் போனோம். அவருக்கும் படிப்பு இல்லை, கையெழுத்து மட்டும் போடுவார். அதையும் பஸ் கிளம்புகிற நேரத்தில் போடச் சொன்னால் மறந்துவிடும். ஜோசியர் கோடு போட்ட நோட்டில் கட்டம் போட்டு எழுதிக்கொண்டே வந்தவர், பேனாவை நிறுத்திவிட்டுச் சொன்னார்.

"இந்தப் பொண்ணுக்குத் தண்ணில கண்டம் இருக்குதும்மா. இருவத்தெட்டு வயசு முடியற வரைக்கும். ஏரி, கொளம், கெணறு, கடலு, ஒன்னு கிட்டயும் உடாத."

நோட்டின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிக் கையில் கொடுத்தார். பஸ்ஸில் என் வீட்டுக்காரர், "அந்தாளு எல்லாருக்கும் எதுனா ஒரு கண்டம் சொல்லுவாரு" என்று சிரித்தார். அவர் சிரித்துவிட்டு மறந்துவிட்டார். நான் மறக்கவில்லை. யாரிடமும் சொல்லவும் இல்லை. பெண் பிள்ளை, நாளைக்கு ஒரு வீட்டில் கட்டிக் கொடுக்க வேண்டும், கண்டம் இருக்கிற பெண் என்று ஊரில் பேச்சு வந்தால் யார் வருவார்கள்.

அன்றைக்கு ஆரம்பித்தது என் காவல். எங்கள் கிணற்றைச் சுற்றி முள் வேலி போட்டேன், பிறகு மேலே இரும்பு வலை போடச் சொன்னேன். பம்புசெட் தொட்டியில் ஊர்ப் பிள்ளைகள் எல்லாம் குதித்துக் கும்மாளம் போடும். என் மகள் மட்டும் கரையில் காலை மடக்கிக்கொண்டு உட்கார்ந்திருப்பாள். கால் கூடத் தொங்கவிடக் கூடாது. குளிப்பது வாளியில், சொம்பில் மொண்டு. பள்ளிக்கூடத்தில் கடற்கரைக்குக் கூட்டிப் போகிறார்கள் என்றபோது, டீச்சரிடம் போய் பிள்ளைக்குக் காய்ச்சல் என்று சொல்லிவிட்டேன். அவள் என் பக்கத்திலேயே நின்றாள், காய்ச்சல் இல்லாமல். அழவில்லை. டீச்சரையும் பார்த்தாள், என்னையும் பார்த்தாள். அந்தப் பார்வை எனக்கு இன்னும் இருக்கிறது.

கல்யாணம் கூடி வந்தது. மாப்பிள்ளை வீடு விழுப்புரத்துக்குப் பக்கம் கெடார். நிலம் நீர் உள்ள குடும்பம். மாப்பிள்ளைக்கு விழுப்புரத்தில் மோட்டார் காயில் கட்டுகிற கடை, குடித்தனமும் அங்கேதான். பொருத்தம் பார்க்க ஜாதகம் கேட்டார்கள். பெட்டியிலிருந்து அந்த நோட்டை எடுத்து, குங்குமம் வைத்து, தட்டில் வைத்துக் கொடுத்தேன். கண்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. பொய் சொல்லிக் கட்டிக் கொடுக்கிறோமே என்று கொஞ்ச நாள் தூக்கம் இல்லை. பிறகு பொருத்தம் நன்றாக இருக்கிறது என்று அவர்களே சொல்லிவிட்டார்கள். நானும் மாரியாத்தாளுக்குப் பொங்கல் வைத்துவிட்டேன்.

ஒன்பதாம் மாதம் வளைகாப்பு விழுப்புரத்தில் நடந்தது. தலைப்பிரசவம் தாய் வீட்டில்தானே, சாயங்காலமே காரில் மகளைக் கூட்டிக்கொண்டு கிளம்பினோம். மாப்பிள்ளை ஓட்டினார். கை நிறைய வளையல், வண்டி குலுங்கும்போதெல்லாம் சலசலவென்று சத்தம். அந்தச் சத்தத்துக்கு நடுவில்தான் சொன்னாள்.

"எம்மா, நான் தண்ணித் தொட்டில பெத்துக்கலாம்னு இருக்கேன். பொம்மையார்பாளையம் போற வழில ஒரு எடம் இருக்குது. நாங்க மூணு தடவ போய்ப் பாத்துட்டோம்."

அவளுக்கு அப்போது இருபத்தேழு முடிந்து எட்டு மாதம். கண்டம் முடிய இன்னும் நாலு மாதம் பாக்கி. இத்தனை வருஷம் ஒரு குட்டையைக் கூடத் தாண்டவிடாமல் காப்பாற்றினேன், இவள் போய்த் தண்ணீரிலேயே பிரசவம் பார்க்கிறேன் என்கிறாள். ஏன் வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. முன்னால் மாப்பிள்ளை உட்கார்ந்திருக்கிறார். அதனால் வாய்க்கு வந்த காரணத்தை எல்லாம் சொன்னேன்.

"சளி புடிக்கும்டி."

"வெந்நீர்ம்மா அது."

"வெந்நீர்ல ரொம்ப நேரம் ஊறினா கைகால் புடிச்சிக்கும். அப்புறம் கொயந்தைக்கு மூக்குல தண்ணி ஏறிடும். அப்புறம் பெத்தவங்க உடம்புல காத்து பூந்துடும்."

மாப்பிள்ளை கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "காத்தா, தண்ணியா, எதுன்னு ஒன்னு சொல்லுங்க அத்தை."

"எல்லாந்தான் மாப்ள" என்றேன்.

மகள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "நான் ஒரு தடவை தண்ணிக்குள்ள உக்காரணும்மா" என்றாள்.

மறுவாரம் என்னையும் அழைத்துப் போய்க் காட்டினார்கள். மாமரத்துக்கு நடுவில் ஓட்டு வீடு மாதிரி இருந்தது. மருந்து வாசனை இல்லை. ஒரு கறுப்புப் பூனை படியில் படுத்திருந்தது, யாரும் விரட்டவில்லை. பிரசவம் பார்க்கிற நர்சம்மா அந்தப் பக்கத்துக் கடலோரத்துப் பெண்தான். நாற்பது வயசு இருக்கும், பெரிய கை, சிரித்தால் கன்னத்தில் குழி. அவசரம் என்றால் டாக்டர் வருவார், பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வண்டி வாசலிலேயே நிற்கும் என்று முதலில் அதைச் சொன்னாள். பிறகு நான் கேட்டேன்.

"புள்ள தண்ணில வந்தா மூச்சு முட்டாதாம்மா?"

"முட்டாது ஆயா. வெளிய வந்து மொகத்துல காத்து படற வரைக்கும் அது மூச்சே இழுக்காது. கொடி வழியாத்தான் எல்லாம் போய்க்கினு இருக்கும். உள்ள இத்தினி மாசம் தண்ணிலதான குந்திக்கினு இருந்துது?"

பிள்ளையைப் பற்றிப் பயம் போய்விட்டது. ஆனால் என் பயம் பிள்ளையைப் பற்றியா? பிள்ளைக்கு ஒரு கண்டமும் கிடையாது. பெறப்போகிறவளுக்கு அல்லவா.

அதனால் ஊருக்கு வந்ததும் கோயில் பூசாரியிடம் போனேன். பெயர் சொல்லாமல், எங்களுக்கு வேண்டப்பட்ட ஒரு பெண் என்று சொல்லிக் கேட்டேன். பூசாரி ஒரு பொட்டலத்தில் மஞ்சள் தூள் மடித்து, ஆத்தா காலடியில் வைத்து எடுத்துக் கொடுத்தார். "குளிக்கிற தண்ணில ஒரு சிட்டிகை போடு, தண்ணி தோசம் அண்டாது" என்றார். ஒரு சிட்டிகை என்றது சொம்புத் தண்ணீருக்கு. அந்த நீலத் தொட்டி எத்தனை சொம்பு பிடிக்கும்? மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, ஆய்கிற கூலிக்காரப் பெண்களுக்கு அளந்து போடுகிறவள் நான், எனக்குக் கணக்கு வராதா? பூசாரி கொடுத்த மஞ்சளோடு வீட்டில் அரைத்து வைத்திருந்த மஞ்சளையும் கலந்து, அரைப்படிக்குக் குறையாமல் ஒரு துணிப்பையில் கட்டி வைத்துக்கொண்டேன். பிரசவத்துக்கு எடுத்துப் போகிற பையில் எல்லாவற்றுக்கும் அடியில் அது இருந்தது.

வலி ஒரு வியாழக்கிழமை விடியலில் எடுத்தது. மாப்பிள்ளை முதல் நாளே எங்கள் வீட்டுக்கு வந்து தங்கியிருந்தார். அவருக்கு எப்படித் தெரிந்ததோ தெரியாது, மோட்டார் சத்தத்தை வைத்தே எப்போது நிற்கும் என்று சொல்கிறவர், இதையும் கணக்குப் போட்டிருப்பார். வெயில் ஏறுவதற்குள் போய்ச் சேர்ந்துவிட்டோம். என் வீட்டுக்காரர் மாடு பார்த்துக்கொள்கிறேன் என்று ஊரிலேயே இருந்துவிட்டார். மகள் வலியில் கத்துவதை அவரால் கேட்க முடியாது, மாடு ஒரு சாக்கு.

நர்சம்மா மகளை நடக்கச் சொன்னாள், படியைப் பிடித்துக் குனியச் சொன்னாள், நடுநடுவே இளநீர் கொடுத்தாள். வயிற்றில் ஒரு கருவியை வைத்துப் பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்க வைத்தாள். மல்லாட்டை உடைக்கிற மிஷின் தூரத்தில் ஓடுகிற மாதிரி இருந்தது. நான் என் மகளைப் பெற்றபோது ஒரு கூடத்தில் ஆறு பேர் படுத்திருந்தோம். கத்தினால் அங்கிருந்த ஆயா வந்து, "பெத்துக்க ஆசப்பட்டா கத்தித்தான் ஆவணுமா" என்று திட்டிவிட்டுப் போவாள். பயத்தில் நான் பல்லைக் கடித்துக்கொண்டே பெற்றேன். இங்கே என் மகள் கத்த வேண்டும்போல் கத்தினாள். "நல்லா கத்து, மாமரத்துல காய் உழற மாதிரி கத்து" என்றாள் நர்சம்மா. அதைக் கேட்டு மகள் வலியோடு சிரித்தாள்.

பத்து மணிக்குத் தொட்டியில் தண்ணீர் நிரம்பிவிட்டது. நர்சம்மா முழங்கையை விட்டுப் பார்த்தாள், பிறகு மிதக்கிற ஒரு குச்சியில் சூடு பார்த்தாள். "இன்னும் கொஞ்சம் போவட்டும். ஜல்தியா எறங்கினா வலி தூங்கிடும். நடந்துட்டு வாங்க" என்று மகளையும் மாப்பிள்ளையையும் தோட்டத்துக்கு அழைத்துப் போனாள்.

அறையில் நானும் தொட்டியும் மட்டும்.

பையிலிருந்து துணிப்பையை எடுத்தேன். ஆத்தா பெயரைச் சொன்னேன். முதலில் ஒரு கைப்பிடி போட்டேன். அது மேலே மிதந்துகொண்டு, தண்ணீர் அப்படியே நீலமாகவே இருந்தது. இவ்வளவு தண்ணீருக்கு இது எங்கே போதும் என்று பையைத் தலைகீழாக உதறிவிட்டேன். கையை விட்டுக் கலக்கினேன். கலக்கக் கலக்க நீலம் போய்ப் பச்சையாச்சு, பச்சை போய் மஞ்சளாச்சு, பிறகு அடியே தெரியவில்லை. கையை எடுத்துப் பார்த்தால் முழங்கை வரைக்கும் கல்யாணப் பெண் மாதிரி இருக்கிறது. முந்தானையால் துடைத்தேன், முந்தானையும் மஞ்சளாச்சு.

அவர்கள் உள்ளே வந்தார்கள். நர்சம்மா தொட்டியைப் பார்த்தாள். என் கையைப் பார்த்தாள்.

"இன்னா ஆயா, கொயம்பு கூட்டி வெச்சிருக்கீங்க. புளி கரைக்கறதுதான் பாக்கி."

"மஞ்சள்தான்மா. நல்லதுதான. கிருமி சாவும்" என்றேன்.

அவள் கோபப்படவில்லை. ஆனால் சிரிக்கவும் இல்லை. "மஞ்ச நல்லதுதான். ஆனா அடி தெரியணும் ஆயா. ரத்தம் போனா எனக்குத் தெரியணும், தல வந்தா தெரியணும். கண்ணாடி வெச்சி லைட் அடிச்சித்தான் பாப்பேன். இதுல நான் இன்னாத்த பாக்கறது?" என்றாள். "மொத்தத்தையும் எறச்சி ஊத்திட்டு, பிளாஸ்டிக்க மாத்திட்டு, திரும்ப ரொப்பணும். ஒரு மணி நேரம் புடிக்கும். அதுக்குள்ள புள்ள வந்துதுன்னா கட்டில்லதான் பெத்துக்கணும். கட்டிலும் நல்ல கட்டில்தான், பயப்படாதீங்க."

அதைக் கேட்டு என் மகள் என்னைப் பார்த்தாள். அன்றைக்கு டீச்சர் முன்னால் நின்று எப்படிப் பார்த்தாளோ அப்படி.

மாப்பிள்ளை சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு அங்கிருந்த பம்பு மோட்டாரைத் தூக்கிக்கொண்டு வந்தார். குழாயை ஜன்னல் வழியாக மாமரத்துக்கு விட்டார். மஞ்சள் தண்ணீர் வெளியே போக ஆரம்பித்தது. பூனை எழுந்து போய்விட்டது.

மகளுக்கு அடுத்த வலி வந்தது. அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு தொங்கினாள். அவள் பாரம் முழுக்க என் தோளில். நான் அவள் இடுப்பை அமுக்கிவிட்டேன். வலி இறங்கியதும் என் தோளில் தலையை வைத்தபடியே கேட்டாள்.

"எதுக்கும்மா அப்பிடி பண்ண?"

இனி எதை மறைக்கிறது. மாப்பிள்ளை இரண்டடியில்தான் நிற்கிறார், கேட்டால் கேட்கட்டும் என்று தோன்றிவிட்டது. "உனக்குத் தண்ணில கண்டம்டி. நீ கைக்கொயந்தையா இருக்கும்போதே ஜோசியரு சொன்னாரு. இருவத்தெட்டு வரைக்கும். இன்னும் மூணு மாசம் இருக்குது. கல்யாணத்தப்பக் கூட நான் சொல்லல. என்னைய மன்னிச்சிருங்க மாப்ள."

என் தோளில் ஏதோ குலுங்கியது. அழுகிறாள் என்று நினைத்தேன். முகத்தைத் தூக்கிப் பார்த்தால் சிரிக்கிறாள்.

"அது எனக்குத் தெரியும்மா."

"யாரு சொன்னா?"

"நோட்டுலயே எழுதி இருக்குது. மூணாவது பக்கம். நான் ஏழாவது படிக்கும்போதே பொட்டில இருந்து எடுத்துப் படிச்சிட்டேன்."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. ஜோசியர் வாயால் சொன்னார், நான் காதால் கேட்டேன், அதனால் அது என் காதுக்குள் மட்டும்தான் இருக்கிறது என்று அத்தனை வருஷம் நினைத்திருந்தேன். எழுதுகிறவர் அதையும்தான் எழுதியிருப்பார் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

"அப்ப அந்த நோட்டயா நான் தட்டுல வெச்சிக் குடுத்தேன்?"

"குங்குமம் வேற வெச்சிக் குடுத்த."

மாப்பிள்ளை குழாயைப் பிடித்தபடி திரும்பினார். "எங்கம்மா அன்னிக்கே படிச்சிட்டாங்க அத்தை. எங்க ஜோசியரு அதுக்கு ஒரு பரிகாரம் சொன்னாரு, பெரிசா. அம்மாதான், அதெல்லாம் வாணாம், தண்ணில கண்டம்னா நீச்சல் கத்துக்குடுத்துட்டா போச்சி, நம்ம கெணறு சும்மாதான கெடக்குதுன்னு சொல்லிட்டாங்க."

"கத்துக்குனாளா?"

"கல்யாணம் ஆன மூணாவது மாசம்" என்றாள் மகள். "இடுப்புல கவுறு, முதுவுல ரெண்டு எண்ணெ கேனு. அத்தை கவுத்த புடிச்சிக்கினு மேல நிப்பாங்க. இவரு உள்ள நிப்பாரு. இப்ப கேனும் வாணாம், கவுறும் வாணாம். கெணத்துல அடி மண்ண அள்ளிக்கினு வருவேன்."

கெடார்க் கிணறு எனக்குத் தெரியும். எட்டிப் பார்த்தாலே தலை சுற்றும். அதில் என் மகள் அடி மண் அள்ளுகிறாள்.

"ஏண்டி என் கிட்ட ஒரு வார்த்த சொல்லல?"

"சொன்னா நீ கெடாருக்கு வந்து கெணத்த மூடிட்டுப் போயிருப்ப."

அடுத்த வலி வந்துவிட்டது. அவள் சிரிப்பதை நிறுத்தி மறுபடி என் கழுத்தைக் கட்டிக்கொண்டாள். என் கண்ணில் தண்ணீர் வந்துகொண்டே இருந்தது. வெட்கமா, சந்தோஷமா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஒரு பக்கம் நெஞ்சில் இருந்த கல் இறங்கிவிட்டது. இன்னொரு பக்கம், என்னால்தானே இவள் இன்னும் தண்ணீருக்கு வெளியே நிற்கிறாள் என்று இருந்தது. தொட்டியில் புது பிளாஸ்டிக் விரித்துவிட்டார்கள். குழாயில் வெந்நீர் விழுகிறது. நான் அவள் தோளுக்கு மேலே அந்தத் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தேன். அரைச் சாண், ஒரு சாண், ஒன்றரைச் சாண். வாழ்க்கையில் தண்ணீர் சீக்கிரம் ஏறட்டும் என்று நான் வேண்டிக்கொண்டது அன்றைக்குத்தான்.

நர்சம்மா வந்து பார்த்தாள். "வலி நல்லா ஏறிட்டுது. தொட்டி பாதிதான் ரொம்பி இருக்குது. எறங்கறியா, கட்டிலா? எறங்கினா, நீ உள்ள இருக்க இருக்க மேல ரொப்பிக்கலாம்."

மகள் அவளிடமிருந்து திரும்பினாள். என்னைப் பார்த்தாள்.

"எறங்கட்டுமாம்மா?"

கேட்டிருக்கவே வேண்டாம். கிணற்றில் குதிக்கும்போது கேட்டாளா? ஆனாலும் கேட்டாள். நான் அவள் கையைப் பிடித்தேன். மாப்பிள்ளை மறு கையைப் பிடித்தார். ஒரு காலைத் தூக்கி உள்ளே வைத்தாள், இன்னொரு காலை வைத்தாள், மெல்ல உட்கார்ந்தாள். தண்ணீர் இடுப்பு வரைக்கும்தான் வந்தது. ஆனால் உட்கார்ந்த அந்த நிமிஷமே அவள் முகம் மாறிவிட்டதை நான் பார்த்தேன். வெயிலில் களை பறித்துவிட்டு வந்து, நிழலில் மோர் குடிக்கிறவள் முகம் மாதிரி. பெருமூச்சு விட்டாள். "அய்யோம்மா, நல்லா இருக்குது" என்றாள்.

அதற்குப் பிறகு இரண்டு மணி நேரம் அவள் தண்ணீரில்தான் இருந்தாள். தண்ணீர் மெல்ல நெஞ்சு வரைக்கும் ஏறியது. வலி வரும்போது தொட்டியின் விளிம்பைப் பிடித்துக்கொள்வாள். வலி போனதும் கையை அகல விரித்துவிட்டு மிதப்பாள். எனக்கு ஒரு சொம்பு கொடுத்தார்கள், அவள் முதுகில் வெந்நீர் மொண்டு ஊற்றுகிற வேலை. சின்னப் பிள்ளையாக இருந்தபோது வாளியில் மொண்டு ஊற்றினேனே, அதே மாதிரி ஊற்றினேன். நர்சம்மா ஒரு கண்ணாடியைத் தண்ணீருக்குள் விட்டு விளக்கு அடித்துப் பார்த்தாள். "தல தெரியுது ஆயா, பாக்கறீங்களா" என்று எனக்கும் காட்டினாள். கறுப்பாகக் கொஞ்சம் முடி, தண்ணீரில் பாசி மாதிரி ஆடியது. தண்ணீர் அவ்வளவு தெளிவாக இருந்தது.

கடைசி வலியில் பிள்ளை முழுக்க வெளியே வந்தது. வெளியே என்றால் தண்ணீருக்குள். கண்ணைத் திறந்துகொண்டு, கையை விரித்துக்கொண்டு, கொடியோடு அப்படியே நின்றது. நான் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றேன். நர்சம்மா அவசரப்படாமல் அடியில் கையைக் கொடுத்துத் தூக்கி, மகளின் நெஞ்சில் போட்டாள். அழுகை இல்லை. சுற்றிப் பார்த்தது. பிறகு தும்மியது. தும்மிய பிறகுதான் அழுதது, அதுவும் கொஞ்சமாக.

"பொண்ணு" என்றாள் மகள். மாப்பிள்ளை சட்டை போடாமலேயே நின்று அழுதார்.

சம்பந்தி மூன்று மணிக்கு வந்தாள். கெடாரிலிருந்து விழுப்புரம், விழுப்புரத்திலிருந்து இங்கே என்று பஸ் மாறி மாறி, கையில் பூண்டுக் குழம்பு வாளியோடு. மகள் கட்டிலில் தூங்கிக்கொண்டிருந்தாள், பிள்ளை பக்கத்தில். சம்பந்தி பிள்ளையைப் பார்த்தாள், அதன் காதைப் பார்த்தாள், தன் வீட்டுக் காதுதான் என்று உறுதி செய்துகொண்டாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"இன்னா சம்பந்தி, கை ரெண்டும் மஞ்சளா இருக்குது? புள்ள பெத்தது அவளா, நீங்களா?"

நான் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு, பிள்ளை எழுந்துவிடாமல், குலுங்கிக் குலுங்கிச் சிரித்தாள்.

"நோட்டப் பாத்துட்டு எங்கள ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே சம்பந்தி" என்றேன்.

"கேக்கலாம்னுதான் இருந்தேன். அப்புறம் பாத்தா, இந்தம்மாவுக்கு இது தெரியாது போல இருக்குது, தெரிஞ்சிருந்தா நோட்ட இப்பிடி தட்டுல வெச்சிக் குடுப்பாங்களா, நாம போய்ச் சொல்லி எதுக்கு அவங்களப் பேஜார் பண்ணணும்னு உட்டுட்டேன். எனக்குத் தெரியாதுன்னு நீங்க மறச்சீங்க. உங்களுக்குத் தெரியாதுன்னு நான் மறச்சேன். நடுவுல அவ கெணத்துல நீந்திக்கினு இருந்தா" என்றாள். பிறகு வாளியைத் திறந்தாள். "கொயம்புல மஞ்ச கம்மியா போட்டுட்டேன்னு வழியெல்லாம் நெனச்சிக்கினு வந்தேன். கைய கழுவாம பெசஞ்சி சாப்டுங்க, சரியாப் பூடும்."

அதை நர்சம்மாவுக்கும் கொடுத்தோம். இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டாள்.

இப்போது பேத்தி எங்கள் வீட்டில் இருக்கிறாள். பம்புசெட் தொட்டியில் அவளும் அவள் அம்மாவும் உட்காருகிறார்கள். கிணற்று மேல் இருந்த வலையைப் போன மாதம் எடுக்கச் சொல்லிவிட்டேன். என் வீட்டுக்காரர், "போடச் சொன்னதும் நீ, எடுக்கச் சொன்னதும் நீ" என்று முணுமுணுத்துக்கொண்டே எடுத்தார். நான் தொட்டிக் கரையில் உட்கார்ந்து காலை உள்ளே தொங்கவிட்டுக்கொள்வேன். அதுவரைக்கும் வந்திருக்கிறேன்.

பேத்திக்கும் ஜாதகம் எழுதியாயிற்று. சம்பந்தி அவர்கள் ஜோசியரிடம் எழுதி வாங்கி அனுப்பினாள். இந்தத் தடவை நான் ஏமாறுவதாக இல்லை. மகளைக் கூப்பிட்டு உட்கார வைத்து, "ஒரு எழுத்து உடாம படி" என்றேன். அவள் படித்தாள். நல்ல படிப்பு வரும், வாயாடி, இனிப்பு பிடிக்கும், தாத்தா மேல் பாசம். தண்ணீரைப் பற்றி ஒன்றும் இல்லை. நெருப்பு, பாம்பு, ஒன்றும் இல்லை.

எனக்கு எழுத்துதான் தெரியாது, பக்கம் எண்ணத் தெரியும். நாலாவது பக்கத்தை முடித்துவிட்டு அவள் இரண்டு தாளைச் சேர்த்துத் திருப்பினாள். நான் பார்த்தேன். கேட்கவில்லை.

இதைச் சொன்னதும் அவள் எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்க்கிறாள். ஒன்றும் இல்லை, எழுது என்றேன். அந்தப் பக்கத்தை உன் மாமியாரும் படித்திருப்பாள், என்ன கற்றுக் கொடுக்க வேண்டும் என்று இந்நேரம் யோசித்து வைத்திருப்பாள். பிள்ளை எழுந்துவிட்டாள் போல் இருக்கிறது. நான் போய்த் தண்ணீர் காய வைக்கிறேன்.